ஐந்தரை மணி நேரம்

மார்ச் 31-ஆம் தேதி சாயங்காலம் 7.10-க்கு இன்டர்நெட்டில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டினேன். கடைசி நாளில் கட்டுவது பி.காம். படித்தவனுக்கு அழகில்லைதான். என்ன செய்ய, வரிவிலக்கு என்பதே கடைசி நாளில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மெயிலில் வந்த ரசீதைப் பார்த்தால்... ஏப்ரல் 1, நள்ளிரவு 12.40! அதாவது அடுத்த நிதியாண்டு. பழைய வரி முறையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வருஷ விலக்கு அம்பேல். போன் செய்தால், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது" என்றார்கள்.

அக்கா மகன் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலையில் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன்.

"எவ்ளோ வித்தியாசம் மாமா?"

"சரியா அஞ்சரை மணி நேரம். கூட காட்டுது."

"அப்ப ரெண்டு பேர் கூட்டியிருக்காங்க. குறைச்சுக் காட்டினா, யாருமே கூட்டலைன்னு அர்த்தம்."

இவ்வளவுதான் வைத்தியம். இந்திய நேரம், உலகப் பொது நேரமான யூ.டி.சி.யைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. பணம் வாங்கிய புரோகிராம் இந்திய நேரத்தை எழுதி வைத்தது. ரசீது அடிக்கும் புரோகிராம் அதை யூ.டி.சி. என்று நினைத்து, பொறுப்பாக இன்னொரு ஐந்தரையைச் சேர்த்தது. இரண்டுமே தனியாகப் பார்த்தால் உத்தமர்கள்.

எனவே என் கோபம் அந்தப் புரோகிராமர்கள் மீது இல்லை, அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவிகள் மீது. மை எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் போட்டு வைக்க அதில் இரண்டு டப்பாக்கள். 'டேட்டைம்' என்பது கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். 'டைம்ஸ்டாம்ப்' என்பது யூ.டி.சி.யாக மாற்றி வைத்து, கேட்பவரின் ஊர் நேரத்துக்குத் திருப்பித் தரும். குணம் நேர் எதிர். ஆனால் திரையில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி தெரியும், எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இல்லாமல். ரூபாயா டாலரா என்று போடாமல் வெறும் 500 என்று எழுதிய வவுச்சரை எந்த ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார்?

பி.ஹெச்.பி. மொழி இன்னும் மோசம். 2009-இல் வந்த அதன் 5.3 பதிப்பு, ஊர் நேரத்தைக் குறிப்பிடாவிட்டால் எச்சரிக்கை விட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் திட்டினார்கள். 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பில் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். சொல்லாவிட்டால் சத்தமில்லாமல் யூ.டி.சி. நாய் குரைக்கிறது என்று நாயை விற்ற கதை! போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'ஐ.எஸ்.டி.' என்று எழுதினால், 2025-இல் வந்த 18-ஆம் பதிப்புக்கு முன்புவரை, நாமாக மாற்றி வைக்காத பட்சத்தில், அது இஸ்ரேல் நேரம்.

இந்தக் கூட்டத்தில் நான் மனதாரப் பாராட்டுவது, ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்த உலக நேரப் பட்டியலை. பெரும்பாலான சர்வர்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அதில் 'ஏஷியா/கொல்கத்தா' என்ற தலைப்பில் தேடினால், 1870 முதல் 1905 முடிய மெட்ராஸ் நேரம் இருக்கிறது. யூ.டி.சி.யைவிட 5 மணி, 21 நிமிஷம், 10 விநாடி முன்னால். கொள்ளுத்தாத்தாவின் பிறந்த நேரத்துக்குக்கூட மரியாதை கொடுக்கிறார்கள். அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு மற்றவர்களுக்கு இருக்கக் கூடாதா?

உங்கள் ஆபீஸ் சர்வரிலும் இப்படி ஆனால், எதையும் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக 'இப்ப மணி என்ன?' என்று கேட்கச் சொல்கிறான் மருமகன். லினக்ஸிடம் 'டேட்'. டேட்டாபேஸிடம் 'நவ்', கூடவே 'யூடிசி டைம்ஸ்டாம்ப்'. இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் டேட்டாபேஸ் யூ.டி.சி.யில் இருக்கிறது. ஐந்தரை இடித்தால் இந்தியாவில். கடைசியாக பி.ஹெச்.பி.யை விசாரிக்கவும். லினக்ஸில் ஊரை மாற்றினால் டேட்டாபேஸையும் ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். அது கண் விழித்தபோது பார்த்த ஊரையே நம்பிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் எழுதி, பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் இணைத்து கம்பெனிக்கு அனுப்பினேன். பத்து நாளில் திருத்திய ரசீது வந்தது. மார்ச் 31 என்று தேதி கச்சிதம். நேரம், மதியம் 1.40.

மருமகனுக்கு போன் செய்தேன். "இப்ப யாருமே கூட்டலை மாமா" என்றான்.