அருவங்காட்டு மருந்தும் துப்பாக்கிக் குழலும்

சென்னையின் பாடியில் 1960களின் தொடக்கத்தில் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் வந்தன. பிரேக் தயாரிப்பில் ஒரு பழக்கம் உண்டு. பிரேக் லைனிங்கின் கலவையை மாற்றினால் டிரம் எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு தேய்கிறது என்று எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். துப்பாக்கித் தோட்டாவுக்குள் போடும் மருந்துக்கும் இந்தச் சோதனை அவசியம். பெரிய படைகளே அதில் தவறியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான கதை நீலகிரியில் இருக்கிறது. குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1904 வாக்கில் உருவான கார்டைட் தொழிற்சாலை, பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு மருந்து தயாரித்தது. இன்று அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

பழைய .303 துப்பாக்கித் தோட்டாவைப் பிரித்தால் உள்ளே பொடி இருக்காது. பழுப்பு நிறக் கம்பிகள், கட்டாகச் சேர்த்த சேமியாவைப் போல நிற்கும். அதுதான் கார்டைட். தோட்டாவின் கழுத்து குறுகலானது என்பதால், கட்டை உள்ளே வைத்த பிறகே கழுத்தைச் சுருக்கினார்கள். முன்பு போட்ட கருமருந்து புகையைக் கிளப்பி, சுட்டவன் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்தது. கார்டைட் புகையை வெகுவாகக் குறைத்தது. குண்டின் வேகத்தையும் கூட்டியது. இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் அந்த வேகத்துக்குக் குழல் விலை கொடுத்தது. முதல் வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். அது எரியும் கடும் சூட்டில் குழலின் உட்புறம் அரித்துப்போனது. போயர் போர் நடந்துகொண்டிருந்த 1901இல் அந்த அளவை 30 சதவீதமாகக் குறைத்து எம்.டி. வகையைக் கொண்டுவந்தார்கள்.

எதிர்த்திசையில் தவறியது அமெரிக்கா. எம்-16 துப்பாக்கி ஒருவகை மருந்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. 1964இல் ராணுவம் உருண்டை மருந்துக்கு மாறியது. சீராக அளந்து போடவும் பெருமளவில் தயாரிக்கவும் அது வசதியானது. அந்த நன்மையை மறுக்க முடியாது. துப்பாக்கியை அதற்கேற்ப மாற்றாததுதான் பிழை. சுடும் வேகம் கூடியது, கசடு படிந்தது, வியட்நாமில் துப்பாக்கிகள் சுடாமல் சிக்கிக்கொண்டன. சுத்தம் செய்யும் கருவிகள் போதிய அளவில் தரப்படாததும் சேர்ந்துகொண்டது. 1967இல் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. பின்னர் குழலில் தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது.

சில நாடுகளில் துப்பாக்கி சுடும் வீரர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறார்கள். குழலுக்குப் பொருந்தும் மருந்தைத் தேர்ந்தால் குறி சீராகும். அதே சுதந்திரம் ஆபத்துக்கும் இடம் தருகிறது. வேகமாக எரியும் மருந்தும் மெதுவாக எரியும் மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். டப்பா மாறினால் அழுத்தம் எகிறும். வெயிலில் மருந்து இன்னும் வேகமாக எரியும். ஆவடியின் சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்த தோட்டாவை, காலையில் சோதித்த தோட்டாவாக எண்ணக் கூடாது.

மருந்துக்கு வேகம், குழலின் ஆயுள், துப்பாக்கியின் இயக்கம், தட்பவெப்பம் என்ற நான்கு தேர்வுகள் உண்டு. முதல் தேர்வில் கார்டைட் சிறப்பாக வென்றது, இரண்டாவதில் தோற்றது. உருண்டை மருந்து மூன்றாவதில் தடுமாறியது. எனவே நான்கையும் ஒருசேரச் சோதிக்காமல் தேர்ந்தெடுத்த மருந்து, எத்தனை சக்தி தந்தாலும், குறையுள்ளதுதான். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடைசெய்கிறது. இந்தச் சோதனைகளின் கனத்தைப் பார்த்தால், அந்தத் தடை நியாயமானதே.