யானையின் வாயும் யானையின் காலும்

பட்ஜெட் மாதம் வந்தால் நம் சங்க மேடைகளில் புறநானூற்று 184-ஆம் பாடல் தவறாமல் வந்துவிடும். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன யானை உவமை. 2019 ஜூலையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்திலேயே அதை எடுத்துச் சொன்னபோது வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு எத்தனை பூரிப்பு! ஆனால் கேட்டதும் நாம் சொல்லும் பொருள், 'வரியைக் குறை' என்பதுதான். பாட்டை முழுசாப் படிச்சவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க.

மொத்தம் 11 அடி. அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்கூட யானைக்குப் பல நாள் வரும். அதுவே தானாக வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பது அதிகம். தீனி போடாதே என்று புலவர் சொல்லவில்லை. முறையறிந்து வாங்கினால் கோடிக்கணக்கில் சேரும் என்று மன்னனுக்கு ஆசையும் காட்டுகிறார். கடைசி அடிகளில்தான், மன்னனைச் சுற்றி இரைச்சல் போடும் தரம் அறியாத கூட்டம் வருகிறது. மிதிக்கிற கால் யாருடையது என்பது அங்கேதான் தெரிகிறது. நாமோ பெரும்பாலும் அதற்கு முன்பே கைதட்டி முடித்துவிடுகிறோம்.

இதன் பக்கத்தில் அர்த்தசாஸ்திரத்தை வைத்துப் பாருங்கள். (அந்தச் சுவடியை மைசூர் நூலகத்துக்குக் கொடுத்தவர் தஞ்சைப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர், சாம சாஸ்திரி 1909-ல் அச்சிட்டார்.) 'சாணக்கியர் கறார், நம் புலவர் கருணை' என்று பேசிவிடுவது சுலபம். அங்கே சுரங்கம், உப்பு, கள், காடு எல்லாவற்றுக்கும் ஓர் அதிகாரி உண்டு. கஜானா வற்றினால் நல்ல விளைச்சலில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ கேட்கலாம். ஆனால் அந்த நூலுக்கும் பயம் அதிகாரி மேல்தான். அரசுப் பணத்தைச் சுருட்ட 40 வழிகள் என்று எண்ணியே வைத்திருக்கிறது. நாக்கில் பட்ட தேனை ருசிக்காமல் இருக்க முடியாது, நீந்தும் மீன் எப்போது தண்ணீர் குடித்தது என்று தெரியாது என்கிறது. நம் யானைக்குச் சொந்தக்காரர்கள்தான் இந்தத் தேனும் மீனும். மருந்தாகத் தணிக்கை, ஒற்றர், ஒரே துறைக்குப் பல தலைவர்கள், நிரந்தரமில்லாத பதவி. (இதெல்லாம் மௌரியர் காலத்தில் அப்படியே நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 'இப்படிச் செய்' என்று சொல்கிற நூல் அது; அதன் காலத்தையும் அறிஞர் பலர் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்.)

பிசிராந்தையாரிடம் இருப்பது அறிவுள்ள மன்னன் என்ற ஒரே மருந்து. இந்த இடத்தில் நம் பாட்டு இளைத்ததுதான். சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உவமையில் மட்டும் அது முந்துகிறது. தேனும் மீனும் கஜானாவுக்கு வந்த நஷ்டத்தைச் சொல்கின்றன. யானைக்கால் வயலுக்கு வந்த நஷ்டத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மிதிபட்ட நெல் யானைக்கும் இல்லை, வயல்காரருக்கும் இல்லை.

அடுத்த பொங்கல் விழாவில் இந்தப் பாட்டைச் சொல்லப்போகிற பிள்ளைகளுக்குக் கடைசி ஐந்து அடியையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்களேன்.