பறைதல் என்றால் சொல்லுதல்

எங்க ஊரப்பாக்கத்துல சாவு மோளம் எழும்பினா ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ் சத்தமே அமுங்கிப் போகும். ஆனால் கருவியின் பேரை வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். மேடையிலோ 'தமிழர் பெருமையைப் பறைசாற்றும்' என்பது தாராளமாக வரும். வினையாக இருந்தால் மரியாதை, பெயராக இருந்தால் வசை.

மலையாளத்தில் பறயுக என்றால் சொல்வது. யாழ்ப்பாணத்தில் பறைதல் சாதாரணப் பேச்சு. தொல்காப்பியம் தெய்வம், உணவோடு பறையையும் கருப்பொருளில் சேர்க்கிறது. குறளின் கயமை அதிகாரத்தில் அதே பறை, கேட்ட ரகசியத்தைப் பரப்பும் கயவருக்கு உவமை. சேதி சொல்லிட்டு வாடான்னு அனுப்பினவன் யாரு? நான் பள்ளியில் படித்த உரையில் இந்தக் கேள்வி இல்லை.

2022இல் தமிழக அரசு தண்டோராவைத் தடை செய்தது. நல்லது. ஒலிபெருக்கி வந்த பிறகும் நம் ஆள் கழுத்தில் அதை மாட்டிவிட்டவர்கள் சத்தத்துக்காகவா மாட்டினார்கள்?

நம் கவிஞர்களிடமும் ஒரு குறை உண்டு. அவர்கள் பறை எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஈரத்தில் தோல் தொய்ந்தால் பறை பேசாது. வைக்கோல் கொளுத்திக் காய்ச்சணும், அப்புறம்தான் அடிகுச்சியும் சிண்டுகுச்சியும். அடைமழையில் பேசாமல் கிடக்கிற பறையை எழுதிய கவிதை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.