ஒட்டி வாழும் அழகு

மாமரத்தில் புல்லுருவி என்னும் ஒட்டுண்ணிச் செடி பிடித்தால் தோப்புக்காரர் அரிவாளைத் தேடுவார். அவருக்கு அது நஷ்டம், தேன்சிட்டுக்கோ விருந்து. புல்லுருவியின் ஆரஞ்சு நிறக் குழல் பூவில் சிட்டு தேன் குடிக்கும். கனியை விழுங்கும் பூங்கொத்தி, பிசுபிசுப்பான விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் பறக்கும். நடவு முடிந்தது! எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

நெற்றியில் இடும் சந்தனமும் பாதி ஒட்டுண்ணிதான். பச்சை இலை இருந்தும், மண்ணுக்கடியில் பக்கத்துச் செடியின் வேரைத் துளைத்து நீரும் சத்தும் உறிஞ்சும். அதனால்தான் சந்தனக் கன்றுக்குத் துணையாகத் துவரை நடுகிறார்கள்.

சுமத்ராவின் ரஃப்லீசியாவோ முழு ஒட்டுண்ணி; அதற்கு இலை, தண்டு, வேர் எதுவுமில்லை. திராட்சைக் குடும்பத்துக் கொடிக்குள் இழைகளாக மறைந்திருந்து, ஒருநாள் ஏறக்குறைய 1 மீட்டர் அகலத்துக்கு மலரும். உலகின் மிகப் பெரிய தனிப்பூ அதுதான்.