சுருதிப் பெட்டியின் குமிழ்

மயிலாப்பூரில் பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளில் மின்னணு சுருதிப் பெட்டிக்கு இன்னமும் ஓர் இடம் உண்டு. புதுக் கருவி எது வந்தாலும் ஆசையோடு வாங்கிப் பார்க்கிறவன் நான். ஆனாலும் இதைப் போல மனத்துக்கு நெருக்கமான கருவி வேறில்லை.

1970களின் இறுதியில் பெங்களூரில் இதை உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. பாடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று அறிந்த கை அது. ஒரு குமிழைத் திருப்பினால் கட்டை மாறும்: ஒரு கட்டை என்றால் 'சி', ஐந்து கட்டை என்றால் 'ஜி'. இன்னொரு குமிழ் சுருதியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி மிருதங்கத்தோடு சேர்த்துவிடும். கண்ணை மூடியபடியே திருப்பலாம். தொடுதிரையில் இது நடக்காது. கைபேசிச் செயலிகளும் சுத்தமான சுருதிதான் தருகின்றன. ஆனால் ஆலாபனை நடுவே அழைப்பு வந்து சுருதி நின்றால் மனம் கலைந்துவிடுகிறது.

தம்புராவுக்கு இது ஈடல்ல. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் பஞ்சு நூல் எழுப்புகிற ரீங்காரம் பெட்டியில் முழுதாக வருவதில்லை. அதனால்தான் மார்கழிக் கச்சேரிகளில் பலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது.