செபமாலை மரபுகளும் அவற்றின் ஒழுங்கும்

விருத்தாசலம் வட்டாரத்து மரியன்னை பக்திக்கு, வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயமே தாய்வீடு என்பது சபையோர் அறிந்ததே. ஆதலின் அவ்வரலாற்றை விரிக்காது, மூத்தோர் பணித்தவாறு, செபமாலை சொல்லும் மரபுகள் மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றன.

தமிழகப் பங்குகளில் அவற்றை மூவகைப்படுத்தலாம். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1883இல் அக்டோபர் மாதத்தைச் செபமாலைக்கென ஒதுக்கியதை ஒட்டி வளர்ந்த வீட்டுச் செபமாலை ஒன்று. 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையின் வாரக்கூட்டச் செபமாலை மற்றொன்று. குருவானவர் நாள்தோறும் வர இயலாத ஊர்களில் மறைக்கல்வியும் பொதுச்செபமும் நடத்திய பொதுநிலையினரான உபதேசியார்களின் மரபு மூன்றாவது. முதலிரண்டும் போற்றத்தக்கவையே எனினும், இக்கட்டுரையாசிரியர் பயின்ற உபதேசியார் மரபே அளவுகோலாகத் தக்கது.

அம்மரபில் மறைபொருள், அதாவது மீட்பு வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி, முதலில் நிறுத்தி அறிவிக்கப்படும். சற்று மௌனத்திற்குப் பின்னரே பரலோக மந்திரம் தொடங்கும். 1568ஆம் ஆண்டுக் கட்டளைச் செபநூல் உறுதிசெய்த வடிவில் மங்கள வார்த்தைச் செபம் வாழ்த்தாகவும் மன்றாட்டாகவும் இரு பகுதி உடையதாதலின், வாழ்த்தை உபதேசியாரும் மன்றாட்டைச் சபையாரும் சொல்வர். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நின்ற மணி, கடைசி வரிசையிலுள்ள மூதாட்டியின் 'ஆமென்' ஒலித்து அடங்கிய பின்னரே நகரும். அதற்குமுன் மணி தள்ளிய மாணவரை உபதேசியார் அந்தப் பத்தை மீண்டும் சொல்லவைப்பார்.

எவரையும் சுட்டிக் கூறுவதன்று. எனினும் இக்காலத்தில் முன்னின்று சொல்வோர் சிலர், சபையாரின் மன்றாட்டு முடியுமுன்பே அடுத்த வாழ்த்தை ஒலிபெருக்கியில் தொடங்குவதால், 53 மங்கள வார்த்தைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மறைபொருள் வெறும் தலைப்பாகிவிடுகிறது. 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தது தியானம் வளர்வதற்கேயன்றி, வியாழக்கிழமைப் பட்டியல் நீள்வதற்கன்று. இவ்வவசரமே பாடகர் குழுவின் தாளத்தையும், வாசகர்களின் ழகரத்தையும், முடிவில் வீடுகளில் பெரியோர் சொல்லுக்கு இருந்த மதிப்பையுமே குலைத்துவிட்டது எனலாம். சூளையில் சூட்டை விரைந்து ஏற்றினால் கலம் வெடிக்கும் என்பதைப் பீங்கான் நகரமாம் விருத்தாசலத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, வரும் அக்டோபர் முதல், செபம் நடத்துவோர் சபையாரின் 'ஆமென்' முடிந்த பின்னரே மணி நகர்த்துவதை விதியாகக் கொள்ளுமாறு சபை மூத்தோர் பணித்தருள வேண்டும்.