அம்மா பேசாத ஆங்கிலம்: ஹென்றி ராத்தின் 'கால் இட் ஸ்லீப்' நாவலை முன்வைத்து

'கால் இட் ஸ்லீப்' நாவலில் டேவிட் என்ற சிறுவன் தொலைந்துபோகிறான். நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதி. வீடு ரொம்ப தூரமில்லை, முகவரியும் மனப்பாடம். ஆனால் வீட்டில் கேட்டுப் பழகிய உச்சரிப்பில்தான் அது தெரியும். 'போடே ஸ்ட்ரீட்' என்கிறான். கேட்பவர்கள் அவரவர் காதில் விழுந்ததை வைத்து வேறு வேறு பெயரைத் திருப்பிச் சொல்கிறார்கள். கடைசியில் காவல் நிலையத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள். புலம்பெயர்ந்தவர்களின் மொழி பற்றி நான் படித்த எந்த ஆய்வும் இந்தச் சில பக்கங்கள் அளவுக்கு என்னைக் கலவரப்படுத்தியதில்லை.

ராத் 1906-ல் அன்றைய ஆஸ்திரிய கலீசியாவில் பிறந்தவர். ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தார். வீட்டு மொழி யித்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு. நாவல் 1934-ல் வெளிவந்தது. அதில் அவர் செய்தது ஒரே ஒரு காரியம்தான், சொன்னால் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். பாத்திரங்கள் யித்திஷ் பேசும்போது அதை நிதானமான, செறிவான, அங்கங்கே விவிலிய வாசனை அடிக்கிற ஆங்கிலத்தில் எழுதினார். அதே ஆட்கள் நிஜமாகவே ஆங்கிலம் பேசும்போது அது பல் போன சீப்பு மாதிரி வருகிறது. டேவிட்டின் அம்மா ஜென்யா சமையலறையில் அரசி. மகனைத் தேடிக் காவல் நிலையத்துக்கு வரும்போது நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத வெளிநாட்டுக்காரி. இரண்டும் ஒரே ஆள் என்பது வாசகருக்குத் தெரியும், போலீஸ்காரருக்குத் தெரியாது.

இதைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். நானும்தான். ஆனால் மறுவாசிப்பில் ஒரு விஷயம் உறுத்தியது. ஜென்யாவின் மொழிக்கு இவ்வளவு கம்பீரம் எதில் கிடைக்கிறது? அவளுக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில். 1934-ல் நியூயார்க்கில் யித்திஷ் உயிரோடுதான் இருந்தது. 1897-ல் தொடங்கிய 'ஃபோர்வர்ட்ஸ்' நாளிதழ் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. நாவல்தான் சீக்கிரம் மறக்கப்பட்டது. 1964-ல் மலிவுப் பதிப்பாக மறுபடி வந்தபோது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் போன்றவர்கள் விவரித்த மூன்று தலைமுறைக் கணக்கு நமக்குத் தெரியும்: வந்தவர் தாய்மொழி பேசுவார், பிள்ளை இரண்டும் பேசும், பேரப்பிள்ளைக்கு ஒன்றுதான். 1964-ல் அந்தப் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பாட்டியின் மொழியை ஒரு சொல்கூடக் கற்காமல் அதன் அழகை அனுபவிக்க இந்த நாவல் வழி செய்துகொடுத்தது. ராத்தின் சாதனையே ஒருவகையில் அடக்கமும்தான் என்று நினைக்கிறேன். சிந்தியா ஓசிக் 1969-ல் எழுதிய 'என்வி' கதையின் யித்திஷ் கவிஞன் மொழிபெயர்ப்பாளருக்காக நாயாய் அலைகிறான். அவனுக்கு இந்தக் கணக்கு புரிந்திருந்தது.

இதைத் தமிழில் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஜென்யாவுக்குச் செந்தமிழ் கொடுத்துவிடலாம். தெருப் பையன்களின் ஆங்கிலத்துக்கு? சட்டென்று மெட்ராஸ் பாஷை கொடுக்கத் தோன்றும். தப்பு. மெட்ராஸ் பாஷை அதைப் பேசுகிறவனுக்குச் சொந்த வீடு. இந்தப் பையன்களுக்கு ஆங்கிலம் நேற்று குடிவந்த வாடகை வீடு.

யித்திஷ் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் ப்ரூக்ளினின் ஹசிதியக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பார்க்கலாம். குழந்தைகள் இன்றும் அதில் சண்டை போடுகின்றன. வெளியுலகத்தோடு கலக்காமல் இருப்பதுதான் அதற்கு விலை. நியூ ஜெர்சியில் குடும்பம் நடத்துகிற நான் அந்த விலையைக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். கொடுக்காமலே மகள் தமிழ் பேசவேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

நாவலில் எனக்கு மிக முக்கியமான இடம் வேறு. ஜென்யா தன் பழைய காதலைத் தங்கை பெர்த்தாவிடம் சொல்கிறாள். ஆள் கிறிஸ்தவன், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். டேவிட் ஒட்டுக்கேட்கிறான். சூடான இடம் வரும்போதெல்லாம் அக்காளும் தங்கையும் போலிஷ் மொழிக்குத் தாவிவிடுகிறார்கள். அவனுக்குக் கிடைப்பது நடுநடுவே சிந்தும் யித்திஷ் துணுக்குகள் மட்டும். அதை வைத்து அவனே ஒரு கதை கட்டிக்கொள்கிறான். தன்னுடைய அம்மா செத்துவிட்டாள், அப்பா ஓர் ஆர்கன் வாசிப்பவர் என்று பிறகு ரப்பியிடம் அளக்கிறான். நாவலின் கடைசிப் பகுதி முழுக்க இந்த அரைகுறைப் புரிதலிலிருந்து வெடிப்பதுதான்.

முதல் முறை படித்தபோது மகள் பிறக்கவில்லை, இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவள் குழந்தையாக இருந்தபோது, அவள் காதில் விழக்கூடாத விஷயங்களை நானும் மனைவியும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். போன மாதம் ஊரில் அப்பாவின் ஸ்கேன் முடிவு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தி வேகமாகத் தமிழில் பேசினோம். எட்டு வயதுக்காரி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எங்கள் வாயையே மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆங்கிலத்தில் கேட்டாள், தாத்தா ஊருக்கு வரப்போகிறாரா என்று.